செங்கை ஓனியும் நான்காம் இணைப்பும்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த மகத்தான பொருள் சுற்றுப்பலகைதான் என்பதில் எங்கள் கமினாசே நகரத்தில் இரண்டாவது கருத்து கிடையாது. ஒரு பலகை. அதில் ஒரு கவ்வி. கவ்வியில் நகர அலுவலகத்தின் அறிக்கைகள். மேல்தாளில் வீட்டுக்கு ஒரு கட்டம். படித்தவர் தம் கட்டத்தில் சிவப்பு மையால் பெயர் முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டைத் தாண்டி அதற்கும் அடுத்த வீட்டில் கொடுக்கக் கூடாது. ஊரில் எல்லாரிடமும் தொலைபேசி இருக்கிறது. ஆனால் தொலைபேசி வரிசை பார்க்காமல் யாரை வேண்டுமானாலும் கூப்பிடும். பலகைக்கு அந்த ஒழுங்கீனம் தெரியாது.

ஜூலை மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, எட்டு வீடுகள் கொண்ட மூன்றாம் குழுவின் பலகை நோதோமி ஷிகெருவின் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தது. மூன்று நாளாக மழை. அவருடைய மனைவி மிட்சுயோ தவிட்டு ஊறுகாய்ப் பானைக்குள் கத்தரிக்காயைப் புதைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பலகையைப் படித்தார்.

"ஏங்க, இதைக் கேளுங்க. மலை ஓரத்துல இருக்கறவங்க, ஓடைத் தண்ணி கலங்கினாலோ மண் வாசனை அடிச்சாலோ உடனே கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடணுமாம்."

"மழை பெஞ்சா மண் வாசனை அடிக்காம மீன் வாசனையா அடிக்கும்?" என்றார் ஷிகெரு. அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"விளையாடாதீங்க. காலையிலேர்ந்து எனக்கே ஒரு மாதிரி பச்சை மண்ணா அடிக்குது. நாகுமோ அம்மா மேல தனியா இருக்காங்க. இதைக் குடுத்துட்டுக் கையோட அவங்களையும் கூட்டிட்டு வந்துடறேன். நீங்க ஷூ போட்டுட்டு வாசல்ல நில்லுங்க."

"முத்திரையை அப்புறம் குத்திக்கக் கூடாதா?"

"அப்புறம்னா வரிசை கெட்டுடும். அரை நிமிஷம்தானே."

அரை நிமிடம்தான் ஆயிற்று. முத்திரையைக் குத்தி, மை காய ஊதி, பலகையை மார்போடு அணைத்து, குடையை விரித்துக்கொண்டு மிட்சுயோ மேட்டில் ஏறினார். ஷிகெரு ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

பத்து பதினைந்துக்கு மலை இறங்கியது. நாகுமோ அம்மாவின் வீட்டையும், ஓடைக்கு அந்தப்புறம் நான்காம் குழுவின் ஐந்து வீடுகளையும் எடுத்துக்கொண்டு, நோதோமி வீட்டு வேலியோடு நின்றுவிட்டது. நான்காம் குழுவில் இறந்தவர்கள் ஐந்து பேர், நாகுமோ அம்மா, மிட்சுயோ. ஆக ஏழு பேர். ஷிகெரு ஷூவைக் கழற்றியது மறுநாள்.

நகர அலுவலகம் துக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. மேயர் ஹிராகுஷி, துணை மேயர், பிரிவுத் தலைவர் ககினுமா மூவரும் கேமராக்களின் முன் வரிசையாக நின்று நாற்பத்தைந்து பாகை குனிந்தார்கள். ஏழு வினாடி அப்படியே இருந்தார்கள். ஆளுக்கு ஒரு வினாடி என்று கணக்கிட்டிருந்ததாகப் பிறகு தெரிந்து எல்லாரும் நெகிழ்ந்தோம்.

ஆனால் குனிந்து நிமிர்ந்த பிறகு நிருபர்கள் கேள்வி கேட்கிறார்கள். இது எந்த நாகரிகத்தில் சேர்த்தி என்று தெரியவில்லை. மழைதான் காரணம் என்றார் மேயர். போன வருடம் இதைவிடப் பெரிய மழை பெய்ததே என்றார்கள். மலை உச்சியில் வெளியூர்க் கட்டட மண்ணைக் கொட்டிவைத்தது யார் அனுமதியில் என்று ஒருவர் கேட்டார். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி இருக்கிறதே, ஏன் அதில் எச்சரிக்கவில்லை என்றார் இன்னொருவர். மாலை ஐந்து மணிப் பாட்டைத் தவிர வேறு எதையும் ஒலிபரப்பத் தனிப் படிவம் உண்டு என்று ககினுமா பொறுமையாக விளக்கினார்.

இப்படி இயற்கையும் கைவிட்டு, மனிதர்களும் பக்கத்தில் வந்துவிட்ட நெருக்கடியான வேளையில்தான் மேயருக்கு எங்கள் ஊரின் 'பண்பாட்டுச் செல்வம்' நினைவுக்கு வந்தது. வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில், பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பின்னால், ஆள் உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. அதன் பெயர் அகாதே. செங்கை ஓனி. ஓனி என்றால் கொம்பும் கோரைப்பல்லும் உள்ள அரக்கன் என்று எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அரக்கனுக்கு ஏதேனும் தொடர்பு இருக்குமா என்று ஆராய ஒரு நிபுணரை நியமிக்கத் தீர்மானம் நிறைவேறியது.

நிபுணர் தொகிகுனி ஆகஸ்டு முதல் வாரம் பேருந்தில் வந்து இறங்கினார். சாம்பல் நிறக் கோட்டு, தோல்பை, அறுபது வயது இருக்கும். அமானுட நிகழ்வு ஆய்வில் முதல்நிலைச் சான்றிதழ் பெற்றவர். இரண்டாம் நிலைக்காரர்கள் பேயைப் பார்க்கலாம். முதல் நிலைக்காரர்கள் மட்டுமே அதைப் பற்றி அறிக்கை எழுதலாம். வந்ததும் நேராகக் கல்லிடம் போய், இரண்டு கையாலும் தம் பெயரட்டையை நீட்டி, வணங்கி, அதன் அடியில் வைத்தார். கல் பதிலுக்கு அட்டை தராததைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"பேய் விவகாரம்னா நடுராத்திரியிலதானே சார் பார்க்கணும்?" என்று ககினுமா கேட்டார்.

"மிகைநேர வேலைக்கு அனுமதி இல்லைன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கீங்க."

"ஆமா. போட்டிருக்கோம்."

"அப்ப எட்டரையிலேர்ந்து அஞ்சே கால் வரைக்கும் வர்ற பேயைத்தான் நான் பார்க்க முடியும்."

ககினுமா யோசித்தார். "அது சரிதான். அலுவலகத்துல காரியம் ஆகணும்னா யாரா இருந்தாலும் அந்த நேரத்துலதானே வரணும்."

ஒரு வாரத்தில் சமுதாயக் கூடத்தில் விளக்கக் கூட்டம் நடந்தது. உறவினர்கள் முன்வரிசையில். ஷிகெரு ஓரத்து நாற்காலியில். தொகிகுனி எழுந்து, கல்லில் உள்ள பழைய எழுத்துகளைத் தாம் படித்துவிட்டதாக அறிவித்தார். முந்நூறு வருடத்துக்கு முன் அகாதே மலையிலிருந்து இறங்கி வரும். வீடு வீடாகப் போய்க் கதவில் தன் சிவந்த கையை அழுத்தும். குறி விழுந்த வீடு அடுத்த மழையில் இருக்காது. அதனிடம் ஒரே ஒரு நல்ல குணம் உண்டு: வரிசையைத் தாண்டாது. ஒருமுறை கடைசி வீட்டில் இருந்த ஒரு விதவை கதவைத் திறக்கவும் இல்லை, கதவைத் தொட விடவும் இல்லை. கடைசி வீட்டை முடிக்காமல் திரும்பிப் போகவும் முறை இல்லை. வாசலில் காத்துக் காத்து அகாதே கல்லாகிவிட்டது.

"இப்ப அது மறுபடியும் கிளம்பியிருக்குங்கறீங்களா?" என்று மேயர் கேட்டார். குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது.

"ஆய்வு முடியல. ஆனா சாபம் ஒண்ணு வேலை செய்யுது. அதுல சந்தேகம் இல்ல."

"சாபம்னா அதுக்குப் பொறுப்பு யாரு?"

"சாபம் குடுத்தவங்க."

"முந்நூறு வருஷத்துக்கு முந்தி."

"ஆரம்பம் அப்பதான்."

"அப்ப அவர் பணி ஓய்வு பெற்றுட்டார்னு வெச்சுக்கலாம்," என்றார் மேயர், துணை மேயரைப் பார்த்து. துணை மேயர் எழுதிக்கொண்டார்.

நூடுல்ஸ் கடை தொமாரு பின்னாலிருந்து எழுந்தார். நான்காம் குழுவில் தம்பியைப் பறிகொடுத்தவர். "எங்க தம்பி வீட்டுக் கதவுல ஒரு கையும் படலையே. மலை இறங்கறதுக்கு முந்தின வாரம்தான் நான் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன்."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றார் தொகிகுனி. அந்தக் கூட்டத்தில் யோசித்ததாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பிறகு தொகிகுனி ஒவ்வொரு உறவினராகப் போய்ப் பார்த்தார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: சம்பவத்துக்கு முன் வீட்டில் ஏதேனும் சிவந்த குறி தென்பட்டதா? எல்லாரும் இல்லை என்றார்கள். கடைசியாக மேட்டில் ஏறி நோதோமி வீட்டுக்கு வந்தார்.

ஷிகெரு பார்லித் தேநீர் ஊற்றிவைத்தார். கேள்வியைக் கேட்டதும் எழுந்து போய், காவல்துறை திருப்பிக் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே சுற்றுப்பலகை. மீட்புக்குழு மிட்சுயோவைக் கண்டுபிடித்தபோது அது அவர் கைக்குள் இருந்தது. தாள்கள் மண்ணேறி உலர்ந்து அப்பளம்போல் இருந்தன. சிவப்பு மை எண்ணெயில் குழைத்தது, தண்ணீரில் கரைவதில்லை. ஏழு கட்டங்களில் ஏழு முத்திரைகள். எட்டாவது கட்டம், நாகுமோ, காலி. அதற்குக் கீழே நான்காம் குழுவின் கட்டங்கள் எல்லாமே காலி. மூன்றாம் குழு முடித்த பிறகுதான் பலகை ஓடையைத் தாண்டி அந்தக் குழுவுக்குப் போகும்.

"சிவந்த குறி," என்றார் தொகிகுனி மெதுவாக.

"எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் ஷிகெரு. "இந்த எச்சரிக்கையை எப்ப எழுதினாங்க?"

"ஜூலை ஒண்ணுன்னு போட்டிருக்கே."

"அது வெளியிட்ட தேதி. இங்க பாருங்க." ஷிகெரு முப்பத்து நான்கு வருடம் ரயில் கால அட்டவணைகளுக்கு மெய்ப்புப் பார்த்தவர். ஒரு நிமிடம் தவறினால் ஒரு கிராமமே நடைமேடையில் நிற்கும் தொழில். அவர் விரல் தாளின் கடைசி வரியில் போய் நின்றது. "விளக்கக் கூட்டம் ஜூலை ஆறுன்னு இருக்கு. அதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டு அடிச்சிருக்காங்க. அடிச்சது ஜூன் இருபத்தஞ்சு. ஜூன் இருபத்தஞ்சுக்குக் கூட்டம் வெச்சவங்க, தாளை ஜூலை ஒண்ணுக்கா எழுதுவாங்க? அலுவலகத்துல மூணு தடவை கேட்டேன். வெளியிட்ட தேதி ஜூலை ஒண்ணுன்னு மூணு தடவையும் குனிஞ்சு சொன்னாங்க."

தொகிகுனி பலகையைத் தம் பக்கம் திருப்பினார். தாளின் மேல்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நான்கு சின்னக் கட்டங்களில் அலுவலகத்தின் நான்கு முத்திரைகள். இடக்கோடியில் மேயர். அவருக்கு வலப்பக்கம் துணை மேயர், அப்புறம் ககினுமா, கடைசியில் எழுத்தர் இவாசே. மேயருடையது நிமிர்ந்து நின்றது. மற்றவை ஒன்றைவிட ஒன்று கூடுதலாக இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

இந்தச் சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே உள்ளவரின் முத்திரை மேலே உள்ளவரின் முத்திரையைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் நகர அலுவலகத்தின் மரபு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது எழுதப்படவில்லை. ஆகவே இதை யாராலும் திருத்தவும் முடியாது. மனிதர் ஊரில் இல்லாவிட்டாலும் அவருடைய பணிவு தாளில் வேலை செய்துகொண்டிருக்கும். இவ்வளவு உயர்ந்த நாகரிகம் வேறு எங்கே உண்டு என்று எங்களுக்குத் தெரியாது.

தொகிகுனி தோல்பையைத் திறந்தார். வெப்பமானி, திசைகாட்டி, அளவுநாடா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பாகைமானி ஒன்றை எடுத்தார். நான்கு முத்திரைகளையும் அளந்தார். பிறகு மிட்சுயோவுடையதையும் அளந்தார்.

"உங்க வீட்டம்மா இதைக் குத்தறதுக்கு எவ்வளவு நேரம் எடுத்தாங்க?"

"அரை நிமிஷம். ஏன்?"

"பதிவு பண்ணிக்கறேன்," என்றார் தொகிகுனி.

அடுத்த பத்து நாள் அவர் மலைப்பக்கமே போகவில்லை. நகர அலுவலகத்தின் இரண்டாம் தளத்தில், கோப்பு அலமாரிகளுக்கு நடுவே, வெப்பமானியோடு உட்கார்ந்திருந்தார். இங்கே குளிர்ச்சி அதிகமாக இருக்கிறது, ஓனியின் நடமாட்டம் தெரிகிறது என்று சொன்னதும் ககினுமா உடனே அலமாரிச் சாவிகளைக் கொடுத்துவிட்டார். எழுத்தர் இவாசேயிடம் மட்டும் ஒரு பிற்பகல் முழுக்கப் பேசினார். நாற்பத்து மூன்று வயதான அந்த அம்மா கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, மறுபடியும் பேசினார்.

அறிக்கை செப்டம்பரில் தயாரானது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தலைப்பு, 'கமினாசே மலைச்சரிவுக்குக் காரணமான தொன்மையான ஓனிச் சாபம் குறித்த இறுதி ஆய்வு'. தலைப்பைப் படித்ததும் மேயரின் கண்கள் கலங்கின. நான்கு முத்திரைகளும் ஒரே பிற்பகலில் விழுந்தன. சாய்வு எல்லாம் கச்சிதம்.

ஊர் போகும்முன் தொகிகுனி நோதோமி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கிளம்பறேன் நோதோமி சான். அறிக்கை உங்ககிட்டயும் வரும்."

"ஓனிதான்னு எழுதிட்டீங்களாமே."

"எழுதிட்டேன்."

"இருநூறு பக்கம் எழுதியிருக்கீங்க. யாராவது படிச்சாங்களா?"

"நாலு பேரும் முத்திரை குத்தியாச்சு. அதனால படிக்கலைன்னு தெரியுது." தொகிகுனி பையைக் கை மாற்றிக்கொண்டார். "நான் சிவந்த கைன்னுதான் எழுதியிருக்கேன். கொம்பு இருக்குன்னு எந்த இடத்துலயும் எழுதல."

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

நகர அலுவலகம் சுறுசுறுப்பானது. அகாதேவுக்கு நினைவுக்கல் நாட்டி, சாபம் தணிக்கும் பூசை செய்து, கல்லின் பின்புறம் ஏழு பேரின் பெயரையும் செதுக்குவது என்று முடிவாயிற்று. அகாதேவைக் குழந்தைகளுக்குப் பிடித்த விதத்தில் பஞ்சுப்பொம்மை வேடமாகவும் செய்தார்கள். இரண்டு பெரிய சிவப்புக் கையுறைகள். வயிறு பெரிதாகிவிட்டதால் பொம்மையால் பதினைந்து பாகைக்கு மேல் குனிய முடியவில்லை. துக்க நிகழ்ச்சிக்கு இது போதுமா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது.

இதற்கெல்லாம் ஒரே ஒரு சிறு சடங்குதான் பாக்கி. அறிக்கையின் மேல்தாளில் ஒரு சம்மதம்: 'சம்பவத்துக்குக் காரணம் தொன்மையான சாபம். இதில் மேலும் விசாரிக்க ஏதுமில்லை.' கீழே, இடப்பக்கம், அலுவலகத்தாரின் முத்திரைகள். வலப்பக்கம் இறந்த ஏழு பேரின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவினருக்கு ஒரு கட்டம். முழு அறிக்கையும் கவ்வியில் மாட்டப்பட்டு, சுற்றுப்பலகையாகவே கிளம்பியது. தற்காலிகக் குடியிருப்பிலும் கடைத்தெருவிலும் இருந்த நான்காம் குழுவின் ஐந்து குடும்பங்கள் முதலில். பிறகு கீழ்த்தெருவில் இருந்த நாகுமோ அம்மாவின் மகள். மேட்டில் இன்னும் வீடு மிஞ்சியிருந்த நோதோமி கடைசி. ஆறு பேரும் தலைப்பைப் படித்தார்கள், முத்திரை குத்தினார்கள், அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். நான்கே நாளில் பலகை மேட்டில் ஏறிவிட்டது.

ஷிகெரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். மூன்று நாள் ஆயிற்று. வெப்பநிலைப் பட்டியல்கள், கல்லின் அளவுகள், வாய்மொழிக் கதைகள் எல்லாவற்றையும் தாண்டி, நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், நான்காம் இணைப்பு இருந்தது. அதன் தலைப்பு 'சிவந்த குறிகளின் சாய்வு'.

'ஜூன் 11. மலைமேல் கொட்டிய மண்ணில் கை நுழையும் அளவு வெடிப்பு எனக் காட்டுப் பணியாளர் ஒருவர் தொலைபேசியில் தெரிவித்தார். எழுத்தர் அன்று பிற்பகலே எச்சரிக்கை எழுதிக் குறி இட்டார். சாய்வு: 0 பாகை. பிரிவுத் தலைவர் திருப்பி அனுப்பினார். காரணம்: எழுத்தரின் குறி நிமிர்ந்து நிற்கிறது.

'ஜூன் 16. மறுபடி தட்டச்சு. எழுத்தர்: 20 பாகை. பிரிவுத் தலைவர்: 25 பாகை. துணை மேயர் திருப்பி அனுப்பினார். காரணம்: தமக்குக் கீழ் உள்ளவரைவிடப் பிரிவுத் தலைவர் அதிகமாகக் குனிந்துள்ளார், அலுவலகத்தில் குழப்பம் விளையும்.

'ஜூன் 23. மூன்று குறிகளும் சரி. மேயர் பஞ்சுப்பொம்மைப் போட்டிக்கு வெளியூர்.

'ஜூன் 29. மேயர் திரும்பினார். விளக்கக் கூட்டத் தேதி கடந்துவிட்டதால் கோடிட்டுத் திருத்தம். திருத்தக் குறி நிமிர்ந்திருந்ததால் மீண்டும் திருப்பப்பட்டது.

'ஜூலை 1. வெளியீடு.

'ஜூலை 1 முதல் 3 வரை. மூன்றாம் குழுவின் ஆறு வீடுகள். தாமதம்: இல்லை.

'ஜூலை 3, காலை 10. ஏழாம் வீடு, நோதோமி மிட்சுயோ. சாய்வு: 0 பாகை. தாமதம்: அரை நிமிடம்.'

ஷிகெரு அந்த வரியில் வெகுநேரம் நின்றார். அப்புறம் மேலே படித்தார்.

'ஒப்பீடு: அதே மலைமேல் மண் கொட்டுவதற்கான அனுமதியில் நான்கு குறிகளும் ஒரே பிற்பகலில் விழுந்துள்ளன.

'ஆய்வாளர் கருத்து: ஓனியின் வழக்கம் மாறியுள்ளது. முன்பு செங்கை பட்ட வீடு போயிற்று. இப்போது செங்கை பட்ட தாள் போய்ச் சேராத வீடு போகிறது. விதிவிலக்கு ஒன்று: நோதோமி மிட்சுயோ. தாள் சேர்ந்தும் போனார். தாள் சேராதவர்களிடம் போய்க்கொண்டிருந்ததே காரணம். ஓனிகளின் எண்ணிக்கை: மூன்று. எழுத்தர் சேர்க்கப்படவில்லை, அவர் முதல் நாளே நிமிர்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார்.'

ஷிகெரு பலகையை மூடினார். முத்திரைப் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். பலகையை எடுத்துப்போய் வாசலில் ஷூ அலமாரியின் மேல் வைத்தார்.

அக்டோபரில் ககினுமா பலகாரப் பெட்டியோடு வந்தார்.

"நோதோமி சான், பலகை உங்ககிட்டதான் இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"இருக்கு. படிச்சுட்டிருக்கேன்."

"அது சும்மா மேலோட்டமாப் பார்த்தாப் போதும். எந்தப் பக்கத்துல இருக்கீங்க?"

"முப்பத்தி ஏழு."

நவம்பரிலும் பலகாரப் பெட்டி வந்தது. "இப்ப எந்தப் பக்கம்?"

"முப்பத்தி ஆறு."

"பின்னாடி போறீங்களே?"

"ஒரு காற்புள்ளி சந்தேகமா இருந்துச்சு. பழைய தொழில் புத்தி."

டிசம்பரில் ககினுமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்காகத்தான் சொல்றேன். கல்லு வந்தாச்சு. செதுக்கறவர் உளியோட காத்துட்டிருக்காரு. உங்க முத்திரை விழாம உங்க வீட்டம்மா பேரும் கல்லுல ஏறாம நிக்குது. அவங்களுக்கு ஒரு அமைதி வேணாமா?"

ஷிகெரு கதவோரம் திரும்பினார். மிட்சுயோவின் குடை மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார். குடை கிடைக்கவில்லை, ஆணி இருக்கிறது.

"நான் ஒருத்தன்தானே பாக்கி," என்றார். "என்னை விட்டுட்டு முடிச்சுடுங்களேன்."

ககினுமாவின் முகம் வெளுத்தது. "என்ன நோதோமி சான் இப்படிச் சொல்றீங்க? வரிசையைத் தாண்டறதா? அது எப்படி முடியும்?"

"முடியாதுல்ல?"

"முடியவே முடியாது."

"அப்ப நீங்க காத்திருக்கணும்," என்றார் ஷிகெரு. "குளிருது. உள்ள வந்து தேநீர் குடிச்சுட்டுப் போங்க."

ககினுமா வாசலிலேயே நின்றுகொண்டார்.

ஜனவரியில் தொமாரு கோபமாக மேட்டில் ஏறிவந்தார். கடையின் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க ஒருத்தருக்காக ஆறு குடும்பம் நிக்குது. என் தம்பி பேரு கல்லுல வர வேணாமா? அப்படி என்னத்தைத்தான் படிக்கறீங்க?"

"உக்காருங்க." ஷிகெரு பலகையை எடுத்துவந்து நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தைத் திறந்து வைத்தார். "எழுத்து சின்னது. என் கண்ணாடியைப் போட்டுக்கங்க."

தொமாரு படித்தார். படித்து முடித்ததும் முதலிலிருந்து மறுபடியும் படித்தார். தேநீர் ஆறிவிட்டது.

"ஜூன் பதினொண்ணு," என்றார்.

"ஆமா."

"இருபத்தஞ்சாம் தேதிக் கூட்டம் நடந்திருந்தா அவன் முதல் வரிசையில உக்காந்திருப்பான். கூட்டத்துல டீ குடுப்பாங்கல்ல. எங்க டீ குடுத்தாலும் போயிடுவான்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதைப் படிக்காமயே நானும் குத்திட்டேனே."

"எல்லாரும் அப்படித்தான்."

தொமாரு எழுந்து கடைக்குப் போய், தம் முத்திரையோடு திரும்பி வந்தார். தம் கட்டத்தில் இருந்த பழைய குறியின் மேல் இரண்டு கோடு போட்டு அடித்தார். அடித்ததை உறுதி செய்யப் பக்கத்தில் இன்னொரு குறி வேண்டும் என்பது விதி. முத்திரையை மையில் தொட்டுக் கையில் பிடித்தபடி கேட்டார்:

"நேராக் குத்தவா, சாச்சுக் குத்தவா?"

"உங்க இஷ்டம்."

தொமாரு நேராகக் குத்தினார். மை காய ஊதினார்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர் வந்து, படித்து, கோடு போட்டு, நேராகக் குத்திவிட்டுப் போனார்கள். நாகுமோ அம்மாவின் மகள் வந்து, படித்து, அழுது, முத்திரையை வீட்டில் விட்டுவிட்டேன் என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. ஒருவர் வரவே மாட்டேன் என்கிறார்; திறப்பு விழாவில் பேச வேண்டிய உரையை எழுதி முடித்துவிட்டாராம். ககினுமா மாதம் ஒருமுறை தவறாமல் வருகிறார். கொடுத்துவிட்டுப் போகும் பெட்டிகளைத் தொமாரு கடைக்கு அனுப்பிவிடுகிறார் ஷிகெரு. பெயர் செதுக்காத கல் கித்தான் போர்த்தியபடி வண்டி நிறுத்துமிடத்தில், பழைய கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இப்படியாக, ஒரு முதியவரின் பிடிவாதத்தையும் மதித்து, ஒரு வருடமாக வாசலில் காத்திருக்கும் அளவுக்கு எங்கள் நகர அலுவலகம் மரியாதை தெரிந்தது. அந்த மரியாதையை இனி யாரும் குறை சொல்லக் கூடாது.

இரண்டு பலகைகளும் ஷூ அலமாரியின் மேல் அருகருகே இருக்கின்றன. மண் படிந்த பழைய பலகையில் மிட்சுயோவின் முத்திரை நேராக நிற்கிறது. புதிய பலகையில் ஷிகெருவின் கட்டம் காலியாக இருக்கிறது. இறந்த ஏழு பேரின் பெயர்கள் அச்சிடப்பட்டிருப்பது தாளின் வலப்பக்கம். அலுவலகத்தாரின் முத்திரைகள் இன்னும் மேயர் இருக்கும் இடப்பக்கமே குனிந்திருக்கின்றன.